மக்களோடு மிதிப்போம்

தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவருக்கு நாற்பத்தாறு வயது வரை யார் மீதும் பொறாமை வந்ததில்லை. அதற்கு அவருடைய உத்தியோகம்தான் காரணம். வீடு வீடாகப் போய்க் குனிந்து பார்க்கிற வேலை. மூன்று மாடி வீட்டுக்காரர் மீட்டரையும் குனிந்துதான் பார்க்க வேண்டும், ஒற்றை அறைக்காரர் மீட்டரையும் குனிந்துதான் பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடம் குனிந்து பார்த்ததில், யார் வீட்டு மீட்டர்ப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளேயிருந்து ஓடுவது அதே கரப்பான் பூச்சிதான் என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. அப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பொறாமை வந்தது, அதுவும் கட்டிய மனைவி மேலேயே வந்தது என்றால், அதற்குச் சைக்கிள் பேரவை மாதிரி ஒரு பெரிய அமைப்பு முழுமூச்சாகப் பாடுபட வேண்டியிருந்தது.

குடிநீர் அலுவலகச் சுவரில் ஒரு நாள் பேரவையின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'மக்களோடு மிதிப்போம்! தொழில்முறைப் பந்தய வீரர்களும் பொதுமக்களும் ஒன்றாகச் சைக்கிள் மிதிக்கும் மாபெரும் கூட்டுச் சவாரி. நகர மன்றம் முதல் நீரேற்று நிலையம் வரை, இருபத்து நான்கு கிலோமீட்டர்.' அதற்குக் கீழே சூறாவளியின் படம்.

சூறாவளி என்பது பட்டப்பெயர். மூன்று வருடம் தொடர்ந்து நாட்டிலேயே முதலாவதாக வந்த பையன். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருப்பான் என்று சொல்வார்கள். மீட்டர்காரர் அவனைப் பற்றி எங்கே எது வந்தாலும் படித்துவிடுவார். பந்தயத்தில் முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போவான், அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம் என்று அப்படித்தான் ஒரு வாரப் பத்திரிகையில் படித்திருந்தார். அன்றிலிருந்து ஒரு ஆசை. சூறாவளிக்குப் பின்னால் ஒரே ஒரு கிலோமீட்டர். அவன் கிழித்த காற்றில் நாம் போக வேண்டும். கோட்டை கொத்தளம் கேட்கவில்லை, ஒரு கிலோமீட்டர்தானே?

ஞாயிற்றுக்கிழமை பேரவை அலுவலகத்துக்குப் பெயர் கொடுக்கப் போனார். மனைவியும் கூட வந்தாள். அவள் ஒரு தையல் நிலையத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறவள். போகிற வழியில் நூல்கண்டு வாங்க வேண்டும் என்பதைத் தவிர, அவளுக்கு அங்கே வர வேறு காரணம் கிடையாது.

பதிவு மேசையில் இருந்த எழுத்தர் நிமிராமலே கேட்டார். "என்ன வேலை?"

"தண்ணி மீட்டர் கணக்கெடுக்கிறேன்."

"எதுல போவீங்க?"

"சைக்கிள்லதான் சார். தினமும் முப்பது கிலோமீட்டர்." கொஞ்சம் மார்பை நிமிர்த்தித்தான் சொன்னார்.

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ சைக்கிள் ஓட்டுறதுக்குச் சம்பளம் வாங்குறீங்க."

"இல்ல சார், மீட்டர் பாக்குறதுக்குத்தான் சம்பளம்."

"சைக்கிள் இல்லாம அத்தனை மீட்டரும் பாக்க முடியுமா?"

"முடியாது."

"பாத்தீங்களா. சைக்கிள் ஓட்டிச் சம்பாதிக்கிறவருக்கு என்ன பேரு? தொழில்முறை. நீங்க பொதுமக்கள் கிடையாது."

"பொதுமக்கள் இல்லன்னா நான் யாரு சார்?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. பிரிவு நிர்ணயக் குழு சொல்லும்." சொல்லிவிட்டு எழுத்தர் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். "அம்மாவுக்கு ஓட்டத் தெரியுமா?"

"சுமாரா. போன வருஷம்தான் இவர் கத்துக் குடுத்தார். நேரா போயிடுவேன். மெதுவா போறதும் நிறுத்துறதும்தான் கொஞ்சம் தகராறு."

எழுத்தர் முகத்தில் விளக்கெரிந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். "இதுதாங்க பொதுமக்கள்! காலையிலேர்ந்து நான் தேடுறது இதைத்தான்!"

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. கையில் ஒரு பனியன், ஒரு அடையாள அட்டை, பேரவை இரவல் கொடுத்த ஒரு பந்தயச் சைக்கிள். ஒரு விரலால் தூக்கலாம் போல அப்படியொரு வண்டி. மீட்டர்காரர் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்தது. அந்த நிமிடம்தான் வயிற்றுக்குள் முதல் நெருப்புப் பொறி விழுந்தது.

பிரிவு நிர்ணயக் குழு புதன்கிழமை கூடியது. செயலாளர் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தலையாட்டுகிற உறுப்பினர், மறுபக்கம் தூங்குகிற உறுப்பினர். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாங்க உங்களை ஒதுக்கல. அதை முதல்ல புரிஞ்சுக்கணும். சவாரி எல்லாருக்கும் பொதுவானது. எல்லாருக்கும் பொதுவா இருக்கணும்னா யார் யாரைச் சேக்கக் கூடாதுங்கிறதுல நாம ரொம்பக் கவனமா இருக்கணும். இதுவரைக்கும் நூத்துப் பத்து விண்ணப்பம் வந்திருக்கு. பால் கொண்டுபோறவர், தபால்காரர், பேப்பர் போடுறவர், எல்லாருமே நல்லா ஓட்டுறாங்க. நல்லா ஓட்டுறவங்களை எப்படிப் பொதுமக்கள்னு சொல்ல முடியும்? கடைசியில பொதுமக்கள்னு தேறினது மூணு பேருதான். அவ்வளவு கறாரா இருக்கோம்."

"என்னையும் அந்தத் தபால்காரர் மாதிரி திருப்பி அனுப்பிடுங்க சார்," என்றார் மீட்டர்காரர்.

"முடியாது. அவங்க ஒளிச்சுப் பேசினாங்க. நீங்க முப்பது கிலோமீட்டர்னு உங்க வாயாலயே சொல்லிட்டீங்க, பதிவாயிடுச்சு. உங்களைத் தொழில்முறை வீரரா ஏத்துக்கறதைத் தவிர எங்களுக்கு வேற வழியில்ல. எத்தனை பந்தயத்துல ஜெயிச்சிருக்கீங்க?"

"ஒண்ணுலயும் இல்ல."

"எத்தனைல தோத்திருக்கீங்க?"

"பந்தயத்துலயே கலந்துக்கிட்டதில்ல சார்."

செயலாளர் எழுதினார்: 'தோல்வியே காணாதவர்.' தலையாட்டுகிற உறுப்பினர் தலையாட்டினார். தூங்குகிற உறுப்பினர் விழித்து, மீட்டர்காரரை ஒரு மரியாதையோடு பார்த்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

தொழில்முறை வீரருக்கான விதிப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். முதல் விதி: சவாரிக்கு முந்தைய பதினான்கு நாள் வீரரின் சைக்கிள் முத்திரையிடப்பட வேண்டும், திருட்டுத்தனமாகப் பயிற்சி எடுக்கக் கூடாது. இரண்டாம் விதி: அந்தப் பதினான்கு நாளும் வீரர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது, பேசினால் முடிவைக் கூடிப் பேசி வைத்துக்கொண்டதாகக் கருதப்படும். பந்தயமே இல்லாத சவாரிக்கு முடிவு ஏது என்று மீட்டர்காரர் கேட்டார். அது மூன்றாம் விதியில் வரும் என்றார்கள். புத்தகத்தில் இரண்டு விதிதான் இருந்தது.

மறுநாள் பேரவை ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து, அவருடைய பழைய சைக்கிளின் சக்கரத்தில் கம்பியைக் கோத்து ஈய முத்திரை குத்திவிட்டுப் போனார். ஈய முத்திரை மீட்டர்காரருக்குப் புதிதல்ல. மீட்டரில் கைவைக்கிறவர்கள் வீட்டில் அவரே போய்க் குத்துவார். தன் சைக்கிளில் அதைப் பார்த்தபோது, தானே எங்கேயோ தண்ணீர் திருடிவிட்டது போல இருந்தது.

அன்று முதல் நடந்தே மீட்டர் பார்த்தார். மதியத்துக்குள் முடிக்கிற தெருக்கள் நாலு மணி ஆகியும் முடியவில்லை. மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார்.

"சைக்கிளுக்கு என்ன ஆச்சு?"

"நான் தொழில்முறைச் சைக்கிள் வீரர் ஆயிட்டேன் சார். அதனால சைக்கிள் ஓட்டக் கூடாது."

மேலாளர் எழுந்தார். "வாழ்த்துகள்," என்று கை கொடுத்தார். பிறகு மறு கையால் தாமதத்துக்கான விளக்கக் கடிதம் கேட்டு ஒரு நோட்டீஸையும் கொடுத்தார்.

இதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார். 'பொதுமக்கள் நட்புப் பயிற்சி' என்று ஒன்றைப் பேரவை வைத்திருந்ததுதான் வினையாகப் போயிற்று. பொதுமக்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீரர் வீடு தேடி வந்து சொல்லிக்கொடுப்பார். இருந்த மூன்று பொதுமக்களுக்கும் வீரர்களைப் பிரித்ததில், காஜா எடுக்கிறவளுக்குச் சூறாவளியே விழுந்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசலில் சூறாவளி நிற்கிறான். படத்தில் இருப்பதைவிடக் குள்ளம். மீட்டர்காரர் கதவை அகலத் திறந்துவிட்டார். "வாங்க" என்று சொல்ல வாயெடுத்தவர் விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். சூறாவளியும் எதிரே இருப்பவர் தோல்வியே காணாத சக வீரர் என்று தெரிந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா இருக்காங்களான்னு யாராவது சொன்னாத் தேவலை," என்று சுவரிடம் சொன்னான்.

ஐந்து நாள் இதே கூத்து. வீட்டு வாசல் தெருவில் பயிற்சி. மீட்டர்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அக்கா, என் பின்னாலயே ஒட்டிக்கிட்டு வாங்க. காத்தை நான் பாத்துக்கறேன்," என்பான் சூறாவளி. அவளும் அவன் முதுகுக்கு ஒரு முழம் விட்டு ஒட்டிக்கொண்டு, தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவாள். எந்த முதுகுக்காக அவர் இத்தனை வருடம் காத்திருந்தாரோ அந்த முதுகு. அவன் அக்கா அக்கா என்று கூப்பிட்டது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது. வேறு மாதிரி கூப்பிட்டிருந்தால் ஊர் அறிய நியாயமாகச் சண்டை போடலாம். இதற்கு என்னவென்று சண்டை போடுவது? 'என் பெண்டாட்டிக்குக் காற்றுக் கிழித்தான்' என்றா போய்ச் சொல்ல முடியும்?

பயிற்சி முடிந்ததும் அவர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார். சூறாவளி குடித்துவிட்டு, "அக்கா, தண்ணி சில்லுன்னு நல்லா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க," என்பான்.

அவள் இரண்டடி தள்ளி நிற்கிற புருஷன் பக்கம் திரும்பி, "தண்ணி நல்லா இருக்காம்," என்பாள்.

"பானைத் தண்ணின்னு சொல்லு," என்பார் இவர்.

நான்காம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் கேட்டேவிட்டாள். "என்ன, மூஞ்சி ஒரு வாரமா இப்படி இருக்கு? பொறாமையா?"

"எனக்கா? உன்மேலயா? நான் கத்துக் குடுத்தவன்."

"கத்துக் குடுத்தீங்களா, கத்துனீங்களா? ஆறு மாசம் 'விழப்போறே விழப்போறே'ன்னு ஒரே கத்தல். அந்தத் தம்பி ஒரு தடவைகூட விழப்போறேன்னு சொல்லல. நானும் விழல."

அவர் ரொட்டியைப் பிய்த்தார். பிய்த்ததைத் திரும்பப் பிய்த்தார்.

மறுநாள் விடிந்ததும் ஒரு காரியம் செய்தார். இதைச் சொல்லாமல் விட்டால் கதை நேர்மையாக இருக்காது. அவள் அடுப்படியில் இருந்தபோது, இரவல் சைக்கிளின் பின்சக்கரத்து மூடியைக் கழற்றி, காற்றை முழுக்க இறக்கிவிட்டார். 'உஸ்' என்று அது போகப் போக நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. முழுக்கப் போனதும் அதே பாரம் வேறொரு பக்கத்திலிருந்து ஏறியது. சப்பையாகக் கிடந்த டயரைப் பார்க்கச் சகிக்கவில்லை. பம்ப்பை எடுத்து வந்து, பத்தொன்பது வருடப் பழக்கத்தில் எவ்வளவு காற்று இருந்தால் வண்டி சொன்னபடி கேட்குமோ அவ்வளவு அடித்துவைத்தார்.

சாயங்காலம் சூறாவளி டயரை அமுக்கிப் பார்த்தான். "அக்கா, வண்டி இன்னைக்குப் பறக்கும்போல இருக்கே. யாரு காத்தடிச்சது? எங்க ஆளுங்களுக்கே இந்தக் கைப்பதம் வராது."

அவள் திரும்பினாள். "யாரு காத்தடிச்சதுன்னு தம்பி கேக்குது."

"தெரியலன்னு சொல்லு," என்றார். அவர் வாழ்க்கையில் சூறாவளியிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு அப்படிப் போயிற்று.

சவாரி நாளும் வந்தது. நகர மன்ற வாசலில் பெரிய துணிப் பலகை கட்டியிருந்தார்கள். நோட்டீஸில் 'மக்களோடு மிதிப்போம்' என்றிருந்தது துணிக்கு வரும்போது 'மக்களை மிதிப்போம்' என்று ஆகியிருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் செயலாளரிடம் சுட்டிக்காட்டினார். செயலாளர் அண்ணாந்து இரண்டு தடவை படித்தார். "எழுத்து கொஞ்சம் மாறியிருக்கு. கருத்து மாறல," என்றார்.

தலைவர் மேடையேறினார். ஆகிருதியான மனிதர். மாலை மரியாதைக்கென்றே செய்தது போன்ற கழுத்து.

"இருபத்திரண்டு வருஷமா இந்தச் சைக்கிள் பேரவைக்கு நான் தலைவர். ஒரு நாள்கூட சைக்கிள்ல ஏறுனதில்ல. ஏன்? ஏறிட்டா ஓட்டுறவங்க பக்கம் சாஞ்சிடுவேன். நடுநிலைமை போயிடும். இந்தப் பதவிக்கு எத்தனையோ சைக்கிள் ஓட்டிகள் ஆசைப்பட்டாங்க. விட்டனா? பேரவையைக் காப்பாத்தினேன். பந்தய வீரர்கள் வேகமாப் போறாங்க, போறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எந்தத் தைரியத்துல போறாங்க? நாங்க பின்னால இருக்கோம்ங்கிற தைரியத்துலதானே? இன்னைக்கு நாங்க முன்னால வந்துட்டோம். இனி அவங்க எவ்வளவு பத்திரமாப் போவாங்கன்னு பாருங்க. மக்களுக்காக என் நடுநிலைமையை இன்னைக்குத் தியாகம் பண்றேன். இருபத்து நாலு கிலோமீட்டரையும் நானே ஓட்டப்போறேன்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வீரர்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செயலாளர் வரிசையை அறிவித்தார். முதலில் தலைவர். அடுத்து நிர்வாகிகள். அதற்குப் பின் வீரர்கள், தகுதிப்படி. எந்த வீரரும் எந்த நிர்வாகியும் தலைவரை முந்தக் கூடாது, முந்தினால் ஆயுட்காலத் தடை. வீரர்களுக்குப் பின்னால் நூறு மீட்டர் இடைவெளி விட்டுப் பொதுமக்கள். ஒன்றாக மிதிப்பதற்கு இந்த இடைவெளி மிக அவசியம் என்றும் விளக்கினார்.

மீட்டர்காரரின் சைக்கிள் முத்திரையை வெட்டினார்கள். சங்கிலியில் பதினான்கு நாள் துரு. வீரர்களில் கடைசி ஆளாக நின்றார். முன்வரிசையில் சூறாவளியின் முதுகு தெரிந்தது, நடுவில் இருபது முதுகுகள். திரும்பிப் பார்த்தால் நூறு மீட்டருக்கு அப்பால் மனைவி, தூக்கினால் விரலில் நிற்கிற வண்டியோடு. கையை ஆட்டினாள். அவர் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்.

ஊதல் ஊதியது. சவாரி புறப்பட்டது. புறப்பட்டது என்பதை அங்கிருந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தலைவர் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். இரண்டு துணைத்தலைவர்கள் இரண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள், பொருளாளர் பின்னாலிருந்து இடுப்பைத் தாங்கினார். மூவரும் எட்டு வைத்தால் சைக்கிள் எட்டு வைத்தது, மூச்சு வாங்க நின்றால் சைக்கிளும் நின்றது. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நடைபாதையில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் தலைவரை முந்தினாள். கொடி பிடித்த தொண்டர் ஓடிப்போய் ஊதல் ஊதி அவளை நிறுத்தி, குழந்தையின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

பந்தய வீரர்களின் கதியைக் கேட்கவே வேண்டாம். அவர்களுடைய காலணி பெடலோடு பூட்டிக்கொள்ளும் ரகம். சட்டென்று காலை ஊன்ற முடியாது. காற்றாகப் போகிறவர்களுக்கு இந்த ஆமை நடையில் உடம்பை நிறுத்தத் தெரியவில்லை. கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளாடினார்கள். பிறகு நாட்டின் ஐந்தாம் இடத்துக்காரர் நின்ற இடத்திலேயே சாய்ந்தார். அவர் ஆறாம் இடத்துக்காரர் மேல் விழ, அவர் பக்கத்து ஆள் மேல் விழ, வரிசை வரிசையாக வாழை சரிந்தது போல் சரிந்தது. எழுந்தவர்கள் மறுபடி விழுந்தார்கள்.

விழாதவர் ஒருவர்தான். கதவு எண் பார்த்துக்கொண்டே, நாய் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே, காலை ஊன்றாமல் வாசல் வாசலாக ஊர்கிறவருக்கு இது அன்றாடச் சோலி. மீட்டர்காரர் விழுந்து கிடந்த வீரர்களை ஒவ்வொருவராக ஒதுக்கிக்கொண்டு முன்னேறினார். இரண்டாவது கிலோமீட்டர் முடிகிற இடத்தில், எவனுக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டர் போனால் போதும் என்று இருந்தாரோ, அவன் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

சூறாவளி வியர்த்து விறுவிறுத்து ஆடிக்கொண்டிருந்தான். சவாரி தொடங்கிவிட்டதால் பேச்சுத் தடையும் முடிந்துவிட்டது. அவன் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"அண்ணே, விழுந்துடுவேன்போல இருக்கு. உங்க தோள்ல கை வச்சுக்கலாமா?"

"வச்சுக்கப்பா," என்றார்.

மூன்று தடவை நாட்டை வென்ற கை அவர் தோளில் இருந்தது. இருவரும் அப்படியே ஊர்ந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் படம்கூட எடுத்தார். மீட்டர்காரர் இந்த நிமிடத்தை எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருக்கிறார், எல்லாவற்றிலும் காற்று இருந்தது. இதில் ஒரு இலைகூட அசையவில்லை. இருந்தாலும் மனசுக்குள் ஒரு மிதப்பு வரத்தான் செய்தது. அவள் பின்னால் போனாள், நான் பக்கத்தில் போகிறேன். இதை வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்லலாம் என்று வார்த்தையைக்கூட அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"தள்ளுங்க! தள்ளுங்க! எனக்கு மெதுவா போகத் தெரியாது!"

பொதுமக்கள் மூவரில் ஒருவர் புறப்படவே இல்லை, இன்னொருவர் வேலிக்குள் இறங்கியிருந்தார். மூன்றாமவர் நூறு மீட்டர் இடைவெளியை எவ்வளவோ காப்பாற்றிப் பார்த்துவிட்டு, கட்டுப்படியாகாமல் வந்துகொண்டிருந்தாள். விழுந்து கிடந்த வீரர்களுக்கு நடுவே வளைந்து, கணவனுக்குப் பக்கத்தில் வந்தபோது கேட்டாள்:

"என்னங்க, வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா," என்பதற்குள் போய்விட்டாள்.

"அக்கா, குனிஞ்சுக்குங்க! இன்னும் குனிங்க!" என்று சூறாவளி கத்தினான். தோளை விட்டுக் கையைத் தூக்கி ஆட்டியதில் பொத்தென்று விழுந்தான்.

அவள் நிர்வாகிகளைக் கடந்தாள். தலைவரைக் கடந்தாள். பொருளாளர் அதைப் பார்த்து வாய் பிளந்ததில் பிடியை விட்டார், தலைவர் தன் நடுநிலைமையை இழந்து இடப்பக்கமாகச் சாய்ந்தார். அதற்குள் அவள் வளைவு திரும்பியாயிற்று. அதற்கப்பால் நெடுந்தூரத்துக்குச் சமவெளிச் சாலை, பிறகு ஒரு மேடு, மேட்டுக்கப்பால் நீரேற்று நிலையம் வரை ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே இறக்கம். மீட்டர்காரருக்கு அந்த இறக்கம் தெரியும். அவர் கால் தானாகவே பெடலை அழுத்தப் போனது. ஆனால் அவர் தொழில்முறை வீரர். தலைவரை முந்தக் கூடாது. அழுத்தப் போன காலை அவரே பிடித்து நிறுத்திக்கொண்டார்.

இரண்டரை மணி நேரத்தில் சவாரி மூன்று கிலோமீட்டர் கடந்திருந்தது. மீதி இருபத்தொரு கிலோமீட்டரும் 'மிதிக்கப்பட்டதாகக் கருதப்படும்' என்று தலைவர் அறிவித்தார். எல்லோரையும் பேருந்தில் ஏற்றினார்கள். நீரேற்று நிலையத்தில் போய் இறங்கியபோது, காஜா எடுக்கிறவள் படிக்கட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடிவுக்கோடு, வரவேற்புக் குழு, பதக்கம் எல்லாம் பேருந்தில்தான் வந்துகொண்டிருந்தன. முடிவுக்கோடு வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அவள் சவாரியை முடித்திருந்தாள்.

பேரவை அதை அப்படியே விடுமா? நான்கு நாள் கழித்து விசாரணை. கட்டைவிரலில் கட்டுப் போட்ட தலைவரே தலைமை வகித்தார்.

"அந்தம்மா மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்ல," என்று ஆரம்பித்தார். "பொதுமக்கள் முந்தக் கூடாதுன்னு விதியில ஏன் இல்லன்னு கேக்குறாங்க. முந்துவாங்கன்னு யாரு நினைச்சோம்? இதை யோசிச்சுப் பாருங்க. பொதுமக்கள் முன்னால போயிட்டா, வீரர்கள் எதுக்கு? வீரர்கள் கீழ விழுந்து கிடந்தா, பேரவை எதுக்கு? பேரவையே இல்லன்னா..." அந்த இடத்தில் தலைவர் தண்ணீர் குடித்தார். "அந்தக் கேள்விக்கு நான் போக விரும்பல."

செயலாளர் மீட்டர்காரரை முன்னால் கூப்பிட்டார். ஒரு தாளை நகர்த்தினார். "அன்னைக்குக் கடைசிவரைக்கும் விழாம இருந்த ஒரே வீரர் நீங்க. உங்க சாட்சிதான் எடுபடும். மேல்விவரம் எல்லாம் நாங்களே தட்டச்சு பண்ணிட்டோம். அந்தம்மா சவாரியில கலந்துக்கல, வேற ஏதோ வேலையா அந்த வழியா எங்கயோ போனாங்க. அவ்வளவுதான். கீழ நீங்க 'சவாரியில் ஓட்டிய தூரம்: ஒன்றுமில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். அடுத்த வாரம் வீரர்கள் பயிற்சி முகாம் இருக்கு. உங்களுக்கு அதுல ஒரு இடம். சூறாவளிக்கு நேர் பின்னால."

மீட்டர்காரர் பேனாவைக் கையில் எடுத்தார். பொய் சொல்வானேன், அவருக்கு எழுதத்தான் ஆசை. சூறாவளிக்கு நேர் பின்னால். ஒரு கிலோமீட்டர் என்ன, முகாம் முழுக்க. கடைசி பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு நடுவில் வந்ததால் அவள் ரவிக்கையில் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருந்தது. அவள் அவரை முறைக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சீக்கிரம் முடிந்தால் போகலாமே என்கிற மாதிரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'தூரம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காலியிடம் இருந்தது. காலியிடத்தைப் பார்த்ததும் அவருக்குப் பழக்கதோஷம் வந்துவிட்டது. சாட்சிப் பொருளாகச் சுவரோரம் சாத்தியிருந்த இரவல் சைக்கிளிடம் போனார். கைப்பிடியில், அது ஓடிய தூரத்தைக் காட்டும் சின்னப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு சவாரிக்கும் முன்னால் அதைப் பேரவையே பூஜ்யத்தில் வைப்பது வழக்கம். குனிந்தார். கண்ணாடியை விரலால் துடைத்தார். படித்தார். திரும்பி வந்து எழுதினார்.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன இது, இருபத்து நாலு புள்ளி மூணு?"

"ரீடிங் சார்."

"உங்களை என்ன எழுதச் சொன்னோம்?"

"எனக்கு இதுதான் சார் எழுத வரும். ஓடின மீட்டரை ஓடலன்னு பத்தொன்பது வருஷத்துல எழுதுனதில்ல. எழுதச் சொன்னவங்க நிறைய." குரல் கரகரத்தது. உணர்ச்சியால் என்று கேட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வதே அவருக்கு வேப்பங்காயாக இருந்தது.

தலைவர் தாளை வாங்கிப் பார்த்தார். "பாதை இருபத்து நாலுதானே. அந்தப் புள்ளி மூணு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார், ஏதோ பிடி கிடைத்துவிட்டது போல.

கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள். "நிறுத்தத் தெரியலங்க. பம்ப் ஹவுஸை ரெண்டு சுத்து சுத்தி வந்தேன்."

அன்றைக்கே பேரவை மூன்று தீர்மானம் போட்டது. மீட்டர்காரரின் தொழில்முறைத் தகுதி நீக்கப்படுகிறது. அதனால் அவர் மறுபடி பொதுமக்கள் ஆகிவிட்டதாகக் கருதக் கூடாது. காஜா எடுக்கும் பெண்மணிக்குச் சான்றிதழ் வழங்கப்படும். பேரவையின் முடிவுக்கோடு அங்கே போய்ச் சேர்ந்த பிறகே அவர் கடந்ததாக அதில் நேரம் திருத்தப்படும். மூன்றாவது, அடுத்த ஆண்டு முதல் கூட்டுச் சவாரி நடக்கிற நேரத்தில், நடக்கிற பாதையில், சைக்கிள் ஓட்டத் தடை.

இரவல் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். அவர் தன் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார், அவள் பக்கத்தில் நடந்தாள். இரண்டு தெரு கடந்தார்கள். நூல்கடை வாசலில் அவருக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"அந்த இறக்கம்," என்றார்.

"ம்?"

"எப்படி இருந்துச்சு?"

"கண்ணுல தண்ணி கொட்டுச்சு. அழுகை இல்ல. காத்து அப்படி. காதுல வேற எதுவுமே கேக்கல. ரெண்டு பக்கமும் மரம் இருந்துச்சான்னுகூடத் தெரியல, பச்சையா ஏதோ போச்சு."

"பிரேக் பிடிச்சியா?"

"எங்க இருக்குன்னு தேடுனேன். அதுக்குள்ள இறக்கம் முடிஞ்சிடுச்சு."

அவர் சைக்கிளை நிறுத்தினார். "கியர் எதுல வச்சிருந்தே?"

"கியர்னா? அந்தத் தம்பி தொடாதீங்கன்னு சொன்ன பட்டனா?"

அங்கேயே வழியை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த வண்டிக்காரன் மணியடித்தான், அது காதில் விழவில்லை. அடிவயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் ஒரே எரிச்சல். அவள் நூல்கடைக்குள் போகத் திரும்பினாள். அவர் எட்டி அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"நூல் எங்க ஓடிப்போகுது? அந்தப் பச்சையா ஏதோ போச்சுன்னியே, அதுக்கப்புறம் சொல்லு."